மாலா மதினி போட்ட பில்

குழு: ஆச்சி வீடு
ஞாயிற்றுக்கிழமை

மாலா மதினி, காலை 7:10
எல்லாருக்கும் வணக்கம். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவரை நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ராத்திரி நன்றாகத் தூங்கினார். பில் மொத்தம் 2,64,300. நீங்கள் எல்லாரும் சேர்ந்து அனுப்பியது 1,15,000. மீதிக்கு என் சங்கிலியை அடகு வைத்தேன். பணம் கொடுத்தவர்கள் பார்க்க வேண்டும் என்று பில்லைப் போடுகிறேன்.

மாலா மதினி, காலை 7:11
(4 படங்கள்)

ராமசாமி பெரியப்பா, காலை 7:25
மாலா, எங்களுக்குக் கணக்கு எதற்கம்மா? சுந்தர் எழுந்து உட்கார்ந்தானே, அது போதும். சங்கிலியை மீட்பதற்கு வழி பார்ப்போம்.

நித்யா, காலை 7:48
பில்லைப் பார்த்தேன் மதினி. அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் 37,400தான். ஒரு காலத்தில் ஒரு ஸ்டென்டுக்கே லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். 2017இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்த பிறகுதான் இறங்கியது. ஆனால் மற்ற வரிகளைப் பாருங்கள். ஸ்டென்ட் வைக்கிற கேத் லேப், ஐசியூ, ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற ‘டிஸ்போசபிள்ஸ்’ என்று மட்டும் ஒன்றரைப் பக்கம். ஒன்றைப் பிடித்து அமுக்கினால் இன்னொன்று பிதுங்குகிறது.

கார்த்திக், காலை 8:02
அண்ணனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டே.

மாலா மதினி, காலை 8:09
முன்னால் பழைய அட்டை இருந்தது தம்பி. புதுசு எடுக்கப் போனபோது வருமானச் சான்று கேட்டார்கள். வருஷ வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டுமாம். தையல் மெஷின் கடனுக்காக பேங்கில் கொடுக்க 1,44,000 என்று சான்று வாங்கியிருந்தோம். அதையே நீட்டினோம். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நித்யா, காலை 8:15
மாசம் பன்னிரண்டாயிரம். அதற்குப் பேர் வசதியா?

ராமசாமி பெரியப்பா, காலை 8:31
அது சரி. ஆனால் நான் நினைப்பதைச் சொல்கிறேன். எல்லாருக்கும் எல்லாமே இலவசம் என்றால் அரசாங்கம் எங்கே போகும்? நம் மாநிலத்தில் வயசானவர்கள் கூடிக்கொண்டே போகிறோம். 2021இல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள், 2031இல் 18.2 பேர் ஆவார்கள் என்று மத்திய அரசின் கணிப்பு. சர்க்கரை, பிரஷர், கிட்னி, இதயம் எல்லாம் பத்து நாளில் தீர்கிற காய்ச்சல் இல்லை, சாகிற வரைக்கும் மாத்திரை. போன மாசம் ஜிஹெச் ஓபியில் பார்த்தேன், காரில் வந்து இறங்கி சர்க்கரை மாத்திரை வாங்கிப் போகிறார்கள். அவர்களிடம் ஐம்பது ரூபாயாவது வாங்கினால் என்ன?

கார்த்திக், காலை 8:40
பெரியப்பா சொல்வதுதான் என் கட்சியும். கம்பெனியில் எனக்கு இன்சூரன்ஸ் உண்டு. அப்பா அம்மாவுக்குத் தனியாக எடுத்தது 46,000ஆக இருந்தது, இந்த வருஷம் 58,000. 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் எடுத்த பிறகும் இப்படி. வருமான வரியும் கட்டுகிறேன். நான் போகாத ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கொடுக்கிறேன், போகிற ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கொடுக்கிறேன்.

நித்யா, காலை 8:52
நீ மட்டும் கொடுக்கவில்லை கார்த்தி. சுந்தர் அண்ணன் நூல்கண்டு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டுகிறார். உன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார், வருமான வரிக்கு மேல் 4 சதவீதம் ‘ஹெல்த் அண்ட் எஜுகேஷன் செஸ்’ இருக்கும். 2018இல் 3ஐ 4 ஆக்கினார்கள். செஸ் பணத்தை மத்திய அரசு மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை. ஜிஹெச்சை நடத்துவது மாநிலம். ஆரோக்கியத்தின் பேரில் வாங்குகிற பணம் ஒரு கையில், ஆஸ்பத்திரி இன்னொரு கையில். உன் கோபம் அந்தப் பக்கம் போகட்டும்.

ராமசாமி பெரியப்பா, காலை 9:05
செல்வி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், நீலக் குறி விழுந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஜிஹெச்சிலேயே நர்ஸாக வேலை பார்த்தவள். நீ சொல்லம்மா.

செல்வி அத்தை, காலை 9:34
அண்ணே, சமையலை முடித்துவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஜிஹெச்சில் எல்லாமே இலவசம் என்று நினைக்கிறீர்கள். ஸ்கேனுக்குப் பணம் உண்டு. நான் நரம்பியல் வார்டில் இருந்த காலத்தில் சிடிக்கு 500, எம்ஆர்ஐக்கு 2,500. வெளியே எடுப்பதில் பாதிகூட இல்லை. காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் வேண்டாம். நியாயமான ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்தாள், சித்தாள் வேலை. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எம்ஆர்ஐ எழுதியிருந்தார் டாக்டர். அட்டை இல்லை. கவுண்டரில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “நாளைக்கு வந்துடறேன் சிஸ்டர்” என்று போனாள். பதினெட்டாம் நாள் வந்தாள். அதே சீட்டு. மடிப்பு கிழிந்து, வேர்வையில் மை பரவி, டாக்டர் பேர் மட்டும்தான் தெரிந்தது. காதில் இருந்த தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. பையனுக்கு அதற்குள் இடது கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

நான் அவளிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், பணத்துக்கு வழி கேட்டு ஆர்எம்ஓவை, ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்க்கிற டாக்டரை, போய்ப் பார் என்று. அன்றைக்கு வார்டில் நாற்பது பேருக்கு நாங்கள் இரண்டு பேர். சொல்ல விட்டுப்போய்விட்டது. இன்றைக்கும் அது என் மனசில் கிடக்கிறது.

செல்வி அத்தை, காலை 9:41
கார்க்காரரைப் பற்றிச் சொன்னீர்கள். யார் கார்க்காரர், யார் சித்தாள் என்று வாசலில் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் ஒரு சான்று கேட்பார். அந்தச் சான்றில்தானே நம் சுந்தர் மாட்டினான்? 1,44,000 என்று ஒரு காகிதத்தில் இருந்ததால் மாலாவின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. கார்க்காரர் வரட்டும் அண்ணே. கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்றால் சத்தம் போடத் தெரிந்தவர் அவர்தான். சத்தம் போடத் தெரிந்தவர்கள் எல்லாரும் தனியாருக்குப் போய்விட்டதால்தான், ஒரு லிஃப்ட் ரிப்பேர் ஆனால் மாசக்கணக்கில் கிடக்கிறது.

பணம் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது வாங்குங்கள், வரியாக வாங்குங்கள், உள்ளவரிடம் கூடுதலாக வாங்குங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் வாங்காதீர்கள்.

மாலா மதினி, காலை 9:50
அத்தை, அன்றைக்கு ராத்திரி முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். ஊசி போட்டார்கள், நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். இதய அடைப்பைப் பார்த்துத் திறக்கிற ஆஞ்சியோ செய்ய ராத்திரி ஆள் இல்லை, வேறு ஊருக்குப் போங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பயந்துபோய் வழியில் இருந்த தனியாரிலேயே இறக்கிவிட்டேன். நான் செய்தது தப்பா?

செல்வி அத்தை, காலை 9:52
இல்லவே இல்லைம்மா. நீ இறக்கியதால்தான் அவன் இருக்கிறான். ராத்திரி ஆள் இல்லாததுதான் தப்பு. மெஷின் வாங்கிவிடுகிறார்கள், அதை ஓட்ட டெக்னீஷியனும் நர்ஸும் மூன்று ஷிஃப்டுக்குப் போடுவதில்லை. செலவு கூடுகிறது என்றால் முதலில் கை வைப்பது ஆள்மேல்தான்.

கார்த்திக், காலை 10:06
அத்தை, இதைத்தான் நான் கேட்கிறேன். வரியைக் கூட்டினால் அந்த ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் வருவார் என்று யார் உறுதி சொல்வது?

ராமசாமி பெரியப்பா, காலை 10:12
டாஸ்மாக் பணம் இருக்கிறதே. 2024-25இல் மட்டும் அரசுக்கு 48,344 கோடி. அதற்கு அடுத்த வருஷ பட்ஜெட்டில் மருத்துவத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. அதைத் திருப்பிவிட்டாலே போதும்.

செல்வி அத்தை, காலை 10:20
அந்தப் பணத்தை நம்பி ஆஸ்பத்திரி நடத்தினால் குடிக்கிறவன் குடியை நிறுத்தக் கூடாது என்று ஆகிவிடும் அண்ணே. வயிறு வீங்கி வந்து படுப்பவர்களை நான் எண்ணி முடியாது, பாதிப் பேர் நாற்பதைத் தாண்டாதவர்கள்.

கார்த்தி, உன் கேள்வி நல்ல கேள்வி. நான் பார்த்ததைச் சொல்கிறேன். மருந்துக் கொள்முதலுக்கு 1994இல் டிஎன்எம்எஸ்சி என்று ஒரு அரசுக் கழகம் வந்தது. அதற்கு முன்னால் இருந்த சீனியர்கள் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லாத நாள்தான் அதிகமாம். மொத்தமாக டெண்டர் விட்டு, சோதித்து, மாவட்டக் கிடங்கில் வைத்துக் கொடுத்தார்கள். அட்டையில் ‘தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போனார்கள். வரிப் பணத்தில் செய்ததுதானே அது?

காப்பீட்டிலும் அப்படித்தான். அரசு ஆஸ்பத்திரியிலேயே ஆஞ்சியோ செய்தால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வரும், கருவி வாங்கலாம், ஊழியருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. தனியாருக்குப் போனால் அந்தப் பணம் போனதுதான்.

நித்யா, காலை 10:33
நாடு முழுக்க 2013-14இல் நூறு ரூபாய் மருத்துவச் செலவில் 64 ரூபாய் மக்கள் கைக்காசு. 2021-22இல் அது 39 ஆனது. அரசாங்கம் கூடுதலாகப் போட்டதும் அதற்கு ஒரு காரணம். அதனால் நடக்காது என்று சொல்ல முடியாது கார்த்தி. ஆனால் 39 இன்னமும் அதிகம்.

கார்த்திக், காலை 10:41
புரிகிறது. வரி கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கட்டிய இடத்துக்குப் போய் எனக்கும் ஒரு படுக்கை உண்டு என்ற நம்பிக்கை வர வேண்டும், அவ்வளவுதான். இன்னும் வரவில்லை.

மாலா மதினி, காலை 11:02
அத்தை, ஒரு சந்தேகம். மாத்திரை பதினைந்து நாளைக்குத்தான் கொடுத்தார்கள். மாசத்துக்கு 2,300 ஆகும் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். இரண்டு மூன்றைக் குறைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்கிறார்.

செல்வி அத்தை, காலை 11:03
கூடாது!! ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். டாக்டர் சொல்லாமல் எதையும் குறைக்காதே.

வியாழக்கிழமை ஜிஹெச்சுக்கு வாருங்கள், இதய ஓபி இருக்கிறது. தொடர்ந்து அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அப்படியே விஏஓவிடம் புதுசாக வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுப்போம். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டும் எடுத்து வை.

மாலா மதினி, காலை 11:10
கியூவில் அவரால் நிற்க முடியுமா அத்தை?

செல்வி அத்தை, காலை 11:12
நான் ஏழு மணிக்கே போய்ச் சீட்டு போட்டு வைக்கிறேன். நீங்கள் ஒன்பதுக்கு வந்தால் போதும். பஸ்ஸில் வர வேண்டாம், படி ஏறக் கூடாது.

கார்த்திக், காலை 11:20
நான் புதன் ராத்திரி ஊருக்கு வந்துவிடுகிறேன் அத்தை. அண்ணனை என் காரில் கூட்டி வருகிறேன்.

செல்வி அத்தை, காலை 11:21
வா ராசா. டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள், ஆஞ்சியோ சிடியை மறந்துவிடாதே.