வெயில் பட்ட காப்பிச்செடியில் மட்டும் தண்டுத் துளைப்பான், ஏன்?

மிளகுக்கொடி:
ஏற்காடு நாகலூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் அரபிக்கா, எல்லாம் ஏழு வருஷச் செடி. கீழ்ப்பாதியில நிழலுக்கு நின்ன சில்வர் ஓக் மரத்தை வெட்டி வித்தாச்சு. இப்போ அங்கே மட்டும் இலை மஞ்சளாகி வாடுது, தண்டுல வரிவரியாப் புடைப்பு. மேல்பாதி பச்சைப்பசேல்னு நிக்குது. பூச்சி ஏன் அங்கே ஏறலை? மருந்து அடிக்கலாமா?

மலைக்காற்று:
வெள்ளைத் தண்டுத் துளைப்பான்தாங்க, புழுவா இருக்கும்போது தண்டைக் குடையுற வண்டு. மேல்பாதியிலயும் அதே தண்டுதான், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அங்கே வண்டைக் கட்டிப்போடுறது நிழல். வெயில் உறைச்சாத்தான் அது சுறுசுறுப்பா ஓடி, இணை சேர்ந்து, பட்டை வெடிப்புல முட்டை செருகும். ஒரு பெண் வண்டு 50, 100ன்னு வைக்கும், பத்து நாள்ல பொரியும். புழு கட்டைக்குள்ள இறங்கிட்டா ஒன்பது, பத்து மாசம் அங்கேதான். குடையுற வழியெல்லாம் தன் எச்சத்தாலயே இறுக்கி அடைச்சுக்கிட்டுப் போகும், மருந்து எட்டவே எட்டாது. அதுக்குக் காசைக் கரைக்காதீங்க.

தோட்டக்கணக்கு:
வண்டு பறக்கிறது ஏப்ரல்-மே, திரும்ப அக்டோபர்-டிசம்பர். அதனால மார்ச்லயும் செப்டம்பர்லயும் ஒவ்வொரு தண்டாத் தடவிப் பார்த்து, புடைப்பு இருக்கிற செடியை வேரோட பிடுங்கி எரிச்சிடுங்க. முடியலைன்னா பத்து நாள் தண்ணியில முக்கி வைங்க. விறகுக்கு ஆகும்னு வீட்டோரம் அடுக்குறாங்க பாருங்க, வண்டு அந்தக் குவியல்ல இருந்தே கிளம்பி வரும்!

மிச்சச் செடியோட தண்டையும் கனத்த பக்கக் கிளையையும் தேங்காய் நாரால தேயுங்க. உதிர்ற பட்டை மட்டும் வந்தாப் போதும், கத்தியால சுரண்டினா பச்சைப்பட்டை கிழிஞ்சிடும். வெடிப்பு போனா முட்டைக்கு இடமில்லை. அதுக்கு மேல 200 லிட்டர் தண்ணிக்கு 20 கிலோ நீர்த்த சுண்ணாம்பு, கொஞ்சம் ஒட்டுப் பசை கலந்து பூசுங்க. மழை கழுவிட்டா மறுபடி பூசணும்.

மலைக்காற்று:
நிழல்னு சொன்னா இருட்டு இல்லைங்க. ரொம்ப அடைஞ்சா காய்ப்பு குறையும், மழைக்காலத்துல கருப்பழுகல்ங்கிற பூஞ்சை நோய் வரும். இப்போதைக்குக் கல்யாண முருங்கைக் கம்பை ஊனுங்க, சீக்கிரம் தழையும். அதுக்கு நடுவுல சில்வர் ஓக் கன்னு வைங்க. கவாத்துல செடி நடுவை ரொம்பத் திறந்துவிட்டா மேல மரம் இருந்தும் தண்டுல நேர் வெயில் விழும், அங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க.

மிளகுக்கொடி:
வாசனையால வண்டை இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாமா?

தோட்டக்கணக்கு:
ஏக்கருக்கு 10 வைங்க, பறக்கிற காலத்துல மட்டும். ஆனா அதை நம்பி நார் தேய்க்கிறதை விட்டுடாதீங்க.