காத்தோ என்றால் பூனை மட்டுமா? ஸ்பானியச் சொல்லில் இடறியவர்கள் எழுதுங்கள்

புவேப்லா பயணி:
மெக்சிகோ நகரத்திலிருந்து புவேப்லா செல்லும் நெடுஞ்சாலையில் டயர் பஞ்சராகி நின்றபோது, லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, "தியேனே காத்தோ?" என்று கேட்டார். என் ஆங்கில அகராதி அச்சொல்லுக்கு முதலில் தந்த பொருள் 'கேட்', அதாவது பூனை, என்பதாலும், அதற்குக் கீழே நான் படித்ததே இல்லை என்பதாலும், வீட்டில் ஒன்று இருக்கிறது, வெள்ளை நிறம், மூன்று வயது என்று பதில் சொன்னேன். அவர் என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தம் ஜாக்கியை எடுத்துவந்து என் காலடியில் 'ணங்' என்று வைத்து, "காத்தோ" என்றார்.

மத்ரித்வாசி:
அகராதியைக் குறை சொல்வது நியாயமன்று; 'ஜாக்' என்பது அதே இடத்தில் சில வரிகள் தள்ளி இருந்திருக்கும். மத்ரித்காரர்களுக்கே 'காத்தோ' என்ற பட்டப்பெயர் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் காலில் தையல் போட்ட செவிலியர், வியாழக்கிழமை 'லா கூரா'வுக்கு வரச் சொன்னார். கூரா என்றால் பாதிரியார் என்று மட்டுமே அறிந்திருந்த நான், தையலுக்குப் பாதிரியார் எதற்கு என்று இரண்டு இரவுகள் உறங்கவில்லை. பாதிரியார் 'எல் கூரா'; காயத்துக்கு மருந்திட்டுக் கட்டுவது 'லா கூரா'. ஆகவே கற்பவர்கள் எந்தப் பெயர்ச்சொல்லையும் அதன் முன்னே வரும் 'எல்' (ஆண்பால்) அல்லது 'லா' (பெண்பால்) இல்லாமல் மனப்பாடம் செய்யக்கூடாது. 'எல் கோலெரா' காலரா நோய், 'லா கோலெரா' கடுஞ்சினம். 'எல் காபித்தால்' மூலதனம், 'லா காபித்தால்' தலைநகரம். 'எல் ஃப்ரெந்தே' போர்முனை, 'லா ஃப்ரெந்தே' நெற்றி. ஆண்பாலை நீல மையிலும் பெண்பாலைச் சிவப்பு மையிலும் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி, நாள்தோறும் வாய்விட்டுப் படியுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:
மையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. 'எஸ்போசாஸ்' மனைவியரானாலும் கைவிலங்கானாலும் 'லா'வின் பன்மையான 'லாஸ்' தான். அங்கே எந்த மை உதவும்? என் மகளின் ஆசிரியை தொலைபேசியில், "தியேனே லா முன்யேக்கா ரோத்தா" என்றார். மனத்துக்குள் 'டால்' என்று ஆங்கிலப்படுத்திக்கொண்ட நான், பரவாயில்லை, சனிக்கிழமை வேறொன்று வாங்கிக்கொள்வோம் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. உடைந்தது பொம்மையன்று, குழந்தையின் மணிக்கட்டு. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

வாங்குக்காரன்:
நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் பெஞ்சை 'வாங்கு' என்போம். அது போர்த்துக்கீசியரின் 'பாங்கோ' தந்த சொல். ஸ்பானியத்திலும் பாங்கோ என்றால் பெஞ்சுதான் என்பதால், வலென்சியாவில் நண்பர் 'பாங்கோ'வில் காத்திருப்பதாகச் செய்தி அனுப்பியதும், இந்த ஒரு சொல்லுக்காவது அகராதி வேண்டாம் என்ற செருக்கோடு எதிரிலிருந்த பூங்காவின் வாங்குகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். அவரோ வாடகை வீட்டின் முன்பணத்தைச் செலுத்த என் கையெழுத்துக்காக வங்கிக்குள் நின்றிருந்தார். பிற்பகல் 2 மணிக்கு வங்கியைப் பூட்டிவிட்டார்கள். வீடு வேறொருவருக்குப் போயிற்று.