ஆமியில் சேர்ந்த பெறாமகனின் படத்தைச் சுவரில் மாட்டுவதா?

விசுவமடு பெரியம்மா:
வணக்கம் பிள்ளைகள். சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று நாளாக நித்திரை இல்லை.

தங்கச்சியின் மகன் ஸ்காபரோவில் பிறந்தவன். படித்துக்கொண்டே கனடா ஆமியின் பகுதிநேரப் படையில் சேர்ந்துவிட்டான். கிழமையில் ஒரு இரவும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் பயிற்சியாம். சீருடையோடு, இடப்பக்க நெஞ்சில் சிவப்புப் பொப்பிப்பூ குத்தி நிற்கிற படத்தைத் தங்கச்சி சட்டம் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். "அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டு அக்கா" என்று கட்டளை வேறு. மார்கழியில் அவன் வரும்போது சுவரில் இருக்க வேண்டுமாம்.

ஆணி அடித்துவிட்டேன். மாட்டக் கை வரவில்லை.

எங்கள் வீட்டில் ஆமி என்றால் ஒரே அர்த்தம்தான். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்து வந்தபோது அம்மாவுக்கு நாக்கு வறண்டு பேச்சே நின்றுவிட்டது. துவக்கோடு நின்ற ஒரு பெடியன், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை, தன் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றி ஊற்றி அவவுக்குப் பருக்கினான். "அம்மே, அம்மே" என்றான். அதே நாள் தம்பி ஏறின பஸ் எங்கே போனதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மா சாகும்வரை இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லுவா. வற்றாப்பளை அம்மனுக்குத் தம்பிக்காகவும் நேர்த்தி வைத்தா, அந்தப் பெடியனுக்காகவும் வைத்தா. எனக்கு அந்த மனம் இல்லை.

"பெரியம்மாவுக்குப் பெருமையா?" என்று பெறாமகன் வாட்ஸ்அப்பில் கேட்டான். சிரிக்கிற முகம் நாலைப் போட்டுத் தப்பிவிட்டேன். படத்தை மாட்டவா, விடவா?

மாங்குளம் கடைக்காரன்:
மாட்டாதேங்கோ அக்கா. வருகிற சனத்துக்கெல்லாம் "இது கனடா ஆமி, அது வேறு" என்று விளக்கம் சொல்லியே களைத்துப் போவீர்கள். சப்பாத்துச் சத்தம் எல்லாம் ஒன்றுதான்.

ஸ்காபரோ தம்பி:
அண்ணை, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2020இல் கொரோனா வந்து, ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் முதியோர் இல்லங்களில் வேலைக்கு ஆளில்லாமல் போனபோது ஆமியைத்தான் அனுப்பினார்கள். கிழடுகளுக்குச் சாப்பாடு தீத்தி, படுக்கை மாற்றினார்கள். அங்கே நடந்த அலட்சியத்தை அறிக்கையாக எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான். வெள்ளம் வந்தாலும் காட்டுத்தீ வந்தாலும் வருவார்கள். இங்கே பிறந்த பெடியனுக்கு ஆமி என்றால் அதுதான் தெரியும்.

பொப்பிப்பூ என்றால், கடைவாசலில் பெட்டி இருக்கும், காசு போட்டுவிட்டு எடுத்துக் குத்துவோம். அந்தக் காசு முன்னாள் படையினருக்கும் குடும்பங்களுக்கும் போகும். போரில் செத்த படையினரை நினைத்து நவம்பர் 11, காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம். எனக்கு அந்த இரண்டு நிமிடத்தில் 27ஆம் திகதி, எங்கள் மாவீரர் நாள்தான் ஞாபகம் வரும். வெளியில் சொல்வதில்லை.

வவுனியா வாத்தியார்:
பொப்பிப்பூவுக்கு இலங்கையிலும் ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேயும் நவம்பர் 11இல் விற்றார்கள். சேர்ந்த காசில் பெரும்பங்கு கப்பலேறுகிறது, நம் நாட்டு முன்னாள் படையினருக்கு மிச்சம்தான் என்று கோபப்பட்டு, 1930களில் அதே நாளில் சூரியமல் விற்கத் தொடங்கினார்கள். பிறகு அது முழுக்க ஏகாதிபத்திய எதிர்ப்பாக மாறியது. 1934இல் மலேரியா வந்தபோது சூரியமல் விற்ற இளைஞர்கள்தான் ஊரூராக மருந்தோடு போனார்கள். சூரியமல் வேறொன்றுமில்லை தங்கச்சி, உங்கள் வேலியில் நிற்கிற பூவரசம்பூ.

யார் பூவை யார் நெஞ்சில் குத்துவது என்பது அன்றைக்கே சண்டைதான். (படத்தைப் பற்றிக் கேட்டால் பூவைப் பற்றிச் சொல்கிறேன், வாத்தியார் புத்தி.)

பளை அக்கா:
எட்டு வருசம் முகமாலையில் கண்ணிவெடி எடுத்தேன். முகக்கண்ணாடி, கனத்த அங்கி, கையில் சின்ன முள்ளுவாரி. வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை விரல் அகலம் விரல் அகலமாகச் சுரண்ட வேண்டும். ஒரே காணியில் ஆமி புதைத்ததும் வரும், இயக்கம் புதைத்த ஜொனி மிதிவெடியும் வரும். இரண்டையும் ஒரே மாதிரித்தான் பயந்து எடுத்தோம். நன்றி சொல்லிக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை. ஒரு தடவை காணிக்காரக் கிழவி ஒருத்தி தோடம்பழம் கொண்டுவந்து தந்தா, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒன்று கேட்கவேணும். அந்தச் சுவரில் இப்போது வேறு யாருடைய படம் இருக்கிறது?

விசுவமடு பெரியம்மா:
பளைப் பிள்ளை கேட்டதை வாசித்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்தேன். அப்பா, அம்மா. இரண்டுக்கும் மாலை. தம்பியின் படம் அங்கே இல்லை. அது அலுமாரியில், என் கூறைச் சேலைக்குள் இருக்கிறது. மாட்டினால் மாலை போடச் சொல்லுவார்கள் என்று இத்தனை வருசமும் மாட்டவில்லை.

பெறாமகனின் படத்தையும் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். தங்கச்சி கோபித்தால் கோபிக்கட்டும், வந்தால் திறந்து காட்டுகிறேன்.

அவனுக்கும் நேற்றுப் போன் எடுத்தேன். பெருமையா என்றதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சப்பாத்து காலைக் கடிக்கிறதா என்று கேட்டேன். "ஓம் பெரியம்மா, குதிக்கால் உரிஞ்சுபோச்சு" என்றான். படுக்கமுதல் நல்லெண்ணெய் பூசச் சொன்னேன்.

அடித்த ஆணியில் இப்போது கலண்டர் தொங்குகிறது.