பணிப்பெண்கள் கருத்தாய்வு: சங்கிலி அறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் வேலைசெய்யும் தமிழ்ப் பணிப்பெண்களிடம் ஓய்வுநாள் பற்றி ஒரு கருத்தாய்வு. பெயர்ப்பட்டியல் கிடையாது. அதனால் 1997இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெக்கதோர்ன் முன்வைத்த முறை: பங்கேற்றவரே தெரிந்தவர்களை அழைத்து வருவார். தொடக்கத்தில் 6 பேர், தெரிந்தவர்களுக்குக் கொடுக்க ஆளுக்கு 3 அழைப்புக் கூப்பன்.

இரண்டாம் சுற்றிலேயே சங்கிலி அறுகிறது. கூப்பனுக்கு 2 வாரக் கெடு. மாதம் ஒருநாள் மட்டும் வெளியே வருபவருக்கு அதற்குள் காலாவதியாகிவிடுகிறது. 6 வாரமாக்கினால் போதுமா, தொலைபேசிப் பேட்டியும் வேண்டுமா?

ஞாயிறன்று, பணிப்பெண்கள் கூடும் தேக்கா பகுதியில் நின்று மாதிரி எடுக்கலாம்தான். ஆனால் மாதம் ஒருநாள் வருபவரைப்போல் நான்கு மடங்கு வாய்ப்பு வாராவாரம் வருபவர் மாதிரியில் சிக்குவதற்கு உண்டு. அதை எடை போட்டு, அதாவது அடிக்கடி வருபவரின் பதிலைக் குறைவாகக் கணக்கில் எடுத்து, சரிசெய்யலாம். வெளியே வரவே முடியாதவருக்கு எந்த எடையும் உதவாது. நமக்கு முக்கியமாகத் தேவைப்படுவது அவர்கள் குரல்தான். அவர்களை எட்டியவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று சொல்லுங்கள்.