ஏற்காட்டிலிருந்து தனி வயலின் போட்டிக்கு: விவால்டியா, பாக்கா, துணைக்கு யார்?

ஒண்டிக்கடை அம்மா:
வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு 14 வயது. தேவாலயப் பாடகர் குழுவில் வயலின் எடுத்தவள், ஆறு ஆண்டுகளாக மேற்கத்திய செவ்விசை கற்று, டிரினிட்டி தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறாள். பெங்களூரில் வேலைக்குச் செல்வோரும் மாணவர்களும் மாலை வேளைகளில் கூடிப் பயிலும் ஒரு இசைக்குழு, இளையவர்களுக்குத் தனி வாசிப்புப் போட்டி அறிவித்திருக்கிறது. முதல் சுற்றுக்கு வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த காணொளி அனுப்ப வேண்டும். இரண்டாம் சுற்றில் பியானோ துணையுடன் நேரில் வாசிக்க வேண்டும். வெற்றி பெறுகிறவர் அதே கான்செர்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) முழுக் குழுவோடு மேடையில் வாசிப்பார். ஆசிரியர், இசையமைப்பாளர் விவால்டியின் ஏ மைனர் கான்செர்டோவின் முதல் பகுதியைச் சொல்கிறார். மகளோ, அது சின்னப் பிள்ளைகள் வாசிப்பது, இன்னொரு இசையமைப்பாளரான பாக்கின் ஏ மைனர் கான்செர்டோதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இங்கே பியானோ வாசித்துத் துணை நிற்க ஆள் கிடைக்கவில்லை. கைப்பேசியில் துணையிசைப் பதிவை ஓடவிட்டுத்தான் பழகுகிறாள். இது போதுமா?

அஸ்தம்பட்டி வயலின் ஆசிரியர்:
அம்மா, உங்கள் மகளின் ஆசிரியர் சொல்வதே சரி என்பது என் கருத்து. சுசூகி பாடநூல் வரிசையில் விவால்டியின் இந்தப் பகுதி நான்காம் புத்தகத்திலும், பாக்கின் முதல் பகுதி ஏழாம் புத்தகத்திலும் இருக்கின்றன. அந்த மூன்று புத்தக இடைவெளியைப் போட்டிக்கு முந்தைய சில மாதங்களில் தாண்டச் சொல்வது குழந்தையின் வலது கையை இறுக்கிவிடும். விவால்டியைச் சிறியவர் என்று அவள் நினைக்க வேண்டியதில்லை. 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பன்னிரண்டு கான்செர்டோக்கள் கொண்ட தொகுப்பில் இது ஆறாவது. அதே தொகுப்பிலிருந்து சிலவற்றை ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதியவர் அவள் விரும்பும் அந்த பாக்தான். இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் எந்த உருப்படி என்பதைவிட, நீங்கள் கடைசியில் கேட்டிருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பதிவு யாருக்காகவும் நிற்காது. எனவே பதிவோடு பழகும் பிள்ளை அதைத் துரத்தக் கற்றுக்கொள்கிறதே தவிர, கேட்கக் கற்றுக்கொள்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனை இப்படித்தான் தயார் செய்து அனுப்பிவிட்டேன். அன்று பியானோ வாசித்தவர் தனி வயலின் நுழைவதற்கு முன் இயல்பாக அரை நொடி மூச்சு விட்டார். பையன் பதிவின் கணக்குப்படி முன்னதாக நுழைந்தான், அடுத்த எட்டு பார் (தாளக் கட்டம்) வரை இருவரும் சேரவே இல்லை. விரல்களில் ஒரு பிழையும் கிடையாது. தவறு என்னுடையது, அவனுடையது அல்ல.

இசைக்குழு நடத்தும் போட்டியில் நடுவர்கள் தேடுவது முப்பது பேருக்கு நடுவில் நின்று வாசிக்கக்கூடிய பிள்ளையைத்தான். ஆகவே வில்லைக் கீழே இறக்கிய நேரத்தில் அவள் என்ன கேட்கிறாள் என்பதில் பாதிப் பயிற்சி இருக்கட்டும். துணைப் பகுதியின் அடிச்சுர வரியை அவள் வாயால் பாடட்டும், நீங்கள் கையால் தாளம் போடுங்கள். பிறகு நீங்கள் தாளத்தை வேண்டுமென்றே சற்று இழுத்தும் நெருக்கியும் போட, அவள் அதற்கேற்ப நுழைந்து பழகட்டும். பாக்கின் கான்செர்டோவில் தனி வயலினுக்கு முன்னால் குழு மட்டும் 24 பார்கள் வாசிக்கும். போட்டியில் அதைச் சுருக்கிக்கொள்வதுண்டு என்றாலும், அந்த 24 பார்களையும் பாடத் தெரிந்த நாளில் அவள் பாக்குக்குப் போகலாம்.

செவ்வாய்ப்பேட்டை பக்கவாத்தியம்:
நான் கர்நாடக வயலின் வாசிப்பவன். மேலே சொன்னது எங்கள் மேடைக்கும் அப்படியே பொருந்தும். எடுப்பு இடம், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், தெரிந்திருந்தாலும் மிருதங்கக்காரரின் கையைப் பார்க்காமல் பல்லவியை எடுக்க மாட்டோம்.

நான் சொல்ல வந்தது வேறு. சகோதரி, ஏற்காட்டில் மூடுபனி மாதங்களில் மரம் ஈரம் உறிஞ்சி உப்புவதால் பிரடைகள் (தந்தியை முறுக்கும் முளைகள்) இறுகிக் கிடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கோடையில் சேலம் வெயிலுக்கு வந்தவுடன் அதே பிரடை காய்ந்து வழுக்கும். தந்தி பொலபொலவென்று இறங்கிவிடும், தந்திகளைத் தாங்கும் குதிரையும் சாயும். மலையிலிருந்து வந்த ஒரு பிள்ளை மேடை ஓரத்தில் அழுதுகொண்டே பிரடையை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனவே போட்டிக்கு முந்தைய நாளே பெங்களூர் சேர்ந்து, பெட்டியைத் திறந்து வைத்து, வாத்தியத்தை அந்த ஊர்க் காற்றுக்குப் பழக்குங்கள். பயணத்தில் பெட்டியைக் காரின் டிக்கியில் வைக்கவே வேண்டாம்.

ஒண்டிக்கடை அம்மா:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேவாலயத்தில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட அரைச் சுரம் இறங்கிவிட்டது. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிளஸ் டூ மாணவர் ஒருவர் உதவ முன்வந்திருக்கிறார். அவருக்கு இடது கை வரியை மட்டும்தான் வாசிக்க வருமாம்.

அஸ்தம்பட்டி வயலின் ஆசிரியர்:
இடது கை வரி தாராளமாகப் போதும், நான் சொன்ன அடிச்சுர வரி அதுதான். அந்தப் பழைய பியானோவை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். போட்டியில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கும் என்பதால், அரைச் சுரம் தாழ்வாகக் கேட்டுப் பழகிய காது அங்கே தடுமாறும். கீபோர்டில் ஏ சுரத்தை வைத்து வயலினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசை முடிந்து அரை மணி நேரம், அந்த மாணவர் அவளுக்குப் பின்னால் அமர்ந்து வாசிக்கட்டும், அவர் கையைப் பார்க்க முடியாதபடி. முதல் வாரம் பாதி வேகத்தில் தொடங்குங்கள். காணொளியை அதன் பிறகு எடுக்கலாம். கைப்பேசியை இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் வில் உரசும் ஒலிதான் அதிகம் பதிவாகும்.