யூ-பூட் அழிந்த ரவுட்டர்: சீரியலில் ஓர் எழுத்துகூட வரவில்லை

கேள்வி

எம்டி7621 என்ற முதன்மைச் சிப் உள்ள ரவுட்டர். மென்பொருள் இருக்கும் நினைவகச் சிப் 16 எம்பி எஸ்பிஐ நார் ஃப்ளாஷ், 8 கால். மேலே 25கியூ128ஜேவி என்று அச்சிட்டிருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டியில் (ரவுட்டருக்கான லினக்ஸ்), பூட்லோடர் (ஆன் செய்ததும் முதலில் ஓடி லினக்ஸை எழுப்பும் நிரல்; இதில் அது யூ-பூட்) பகுதியில் எழுதவிடாத தடையை நீக்கிவிட்டு வேறொரு யூ-பூட்டை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது பவர் விளக்கு மட்டும் எரிகிறது. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தாலும் லேன் விளக்குகளில் அசைவில்லை. சீரியலில் (போர்டு தன் செய்திகளை எழுத்தாக அனுப்பும் ஒயர் இணைப்பு) 57600, 115200 வேகம் இரண்டும் பார்த்தாயிற்று, ஒன்றும் வரவில்லை.

ஃப்ளாஷ் சிப்பை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் சிஎச்341ஏ புரோகிராமரும், சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பும் கைவசம் உள்ளன. இதே மாடல் ரவுட்டர் ஒன்றின் முழு 16 எம்பி டம்ப்பும் (ஃப்ளாஷின் முழு நகல் கோப்பு) கிடைத்திருக்கிறது. அதை அப்படியே எழுதிவிடலாமா?

பதில் 1

தயவுசெய்து வேண்டாம். எழுதினால் ரவுட்டர் எழுந்துவிடும், ஆனால் உங்கள் ஃபேக்டரி பகுதி போய்விடும். அதில்தான் மேக் முகவரிகளும் (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்), உங்கள் போர்டின் வைஃபைக்காகத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய அளவீடுகளும் இருக்கின்றன. யூ-பூட் இன்னொரு இடத்தில் கிடைக்கும். ஃபேக்டரியின் இந்த 64 கேபி அந்தச் சிப்பைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. அடுத்தவர் அளவீட்டை வைத்து ஓட்டினால் வைஃபை வலு குறையலாம். இரண்டு ரவுட்டரும் ஒரே நெட்வொர்க்கில் வந்தால் மேக் மோதும்.

இந்த வகைப் போர்டுகளில் வழக்கமான அமைப்பு, ஹெக்ஸ் கணக்கில்: 0 முதல் 30000 வரை யூ-பூட், 30000இல் அதன் என்விரான்மென்ட் (அமைப்பு மதிப்புகள்), 40000இல் ஃபேக்டரி, 50000 முதல் ஃபர்ம்வேர். உங்கள் மாடலுக்கு இது மாறலாம் என்பதால் ஓபன்டபிள்யூஆர்டியின் டிவைஸ் ட்ரீ கோப்பில் (போர்டின் அமைப்பை விவரிப்பது) ஒருமுறை சரிபாருங்கள். யூ-பூட் எழுதும்போதுதான் கரண்ட் போனது என்றால் முதல் 192 கேபிதான் (ஹெக்ஸில் 30000) கெட்டிருக்கும்.

எனவே முதல் வேலை எழுதுவது அல்ல, படிப்பது. ஃப்ளாஷ்ராம் என்ற நிரல் கொண்டு இரண்டு முறை படித்து இரண்டு வெவ்வேறு கோப்புகளாகச் சேமியுங்கள். ஒவ்வொன்றும் சரியாக 1,67,77,216 பைட் இருக்க வேண்டும், எஸ்எச்ஏ256 (கோப்பின் உள்ளடக்கத்துக்கான கைரேகை போன்ற எண்) இரண்டுக்கும் ஒன்றாக வர வேண்டும். பிறகு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் வரிவரியாக எஃப்எஃப் இருந்தால், அழித்த பிறகு எழுத நேரமில்லாமல் போயிருக்கிறது. 40004இலிருந்து வரும் 6 பைட்டை அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மேக் முகவரியோடு ஒப்பிடுங்கள். கடைசி எழுத்து ஒன்றிரண்டு தள்ளி இருக்கலாம், முன்பாதி ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் ஃபேக்டரி பத்திரம்.

அதன் பிறகு உங்கள் டம்ப்பின் நகல் ஒன்றில், முதல் 192 கேபியை மட்டும் அந்த இன்னொரு டம்ப்பிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். நகலெடுக்கும் டிடி கட்டளையில் 'நோட்ரங்க்' விருப்பத்தை விட்டுவிட்டால் கோப்பு 192 கேபியாகச் சுருங்கிவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒட்டிய பிறகும் அளவைப் பாருங்கள். போர்டின் வெர்ஷன் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: ரேமை எழுப்பும் டிடிஆர் அமைப்பும் இந்த 192 கேபிக்குள்தான் இருக்கிறது. ரேம் வகை வேறானால் பாதியிலேயே நின்றுவிடும்.

பதில் 2

கிளிப் மாட்டும் முன் ஒரு மல்டிமீட்டர் சோதனை. கறுப்பு நிற சிஎச்341ஏ போர்டுகள் பலவற்றில் விசிசி (மின்சாரம் தரும்) காலில் 3.3 வோல்ட் வந்தாலும், டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். காரணம், அந்த சிஎச்341ஏ சிப்பே 5 வோல்ட்டில் ஓடுகிறது. உங்கள் ஃப்ளாஷ் 2.7 முதல் 3.6 வோல்ட் வரை உள்ள ரகம். ஃப்ளாஷ் தாங்கிக்கொண்டாலும் அதே கம்பியில் இருக்கும் எம்டி7621 தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

சாக்கெட்டின் சிஎஸ் காலை (1ஆம் கால்) கிரவுண்டோடு வைத்து அளந்து பாருங்கள். 5க்குப் பக்கத்தில் வந்தால், சிஎச்341ஏவின் 28ஆம் காலைப் போர்டிலிருந்து தூக்கி, அதையும் 9ஆம் காலையும் ரெகுலேட்டரின் 3.3 வோல்ட் வெளியீட்டோடு இணைக்க வேண்டும். இரண்டு சிறு ஒயர், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்

5 வோல்ட்தான் வந்தது, மாற்றிவிட்டேன். இப்போது 3.3. ஆனால் சிப் ஐடி சில நேரம் ஈஎஃப் 40 18 என்று சரியாக வருகிறது, சில நேரம் 00 00 00. இரண்டு முறை படித்ததில் எஸ்எச்ஏ ஒத்துப்போகவில்லை. கிளிப் மாட்டினால் ரவுட்டரின் பவர் விளக்கு மங்கலாக எரிகிறது.

பதில் 3

அந்த மங்கல் வெளிச்சமே காரணத்தைச் சொல்லிவிட்டது. கிளிப் தரும் 3.3 வோல்ட் ஃப்ளாஷோடு நிற்காமல் முழு போர்டுக்கும் பாய்கிறது. எம்டி7621 அரைத் தூக்கத்தில் எழுந்து, தானும் அதே ஃப்ளாஷைப் படிக்கப் பார்க்கிறது. ஒரே கம்பியில் இரண்டு பேர் பேசுகிறார்கள். புரோகிராமரின் ரெகுலேட்டரும் அந்தச் சுமையில் தணிந்துவிடுகிறது. இந்த நிலையில் எதையும் எழுதிவிடாதீர்கள், ஃபேக்டரியும் போய்விடும்.

உறுதியான வழி, ஃப்ளாஷின் 8ஆம் காலை (விசிசி) மட்டும் தூக்குவது. ஃப்ளக்ஸ் தடவி, சால்டர் முனையை அந்தக் காலில் வைத்து ஈயம் உருகியதும் ஊசியால் அரை மில்லிமீட்டர் நெம்பினால் போதும். அதற்கு மேல் வளைத்தால் கால் வேரோடு ஒடியும். சீரியல் ஒயரையும் கழற்றிவிடுங்கள், அதன் டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி) வழியாகவும் போர்டுக்குள் கரண்ட் கசியும். ரவுட்டரின் அடாப்டரை மாட்டவே கூடாது.

அதற்குப் பிறகும் எஸ்எச்ஏ தடுமாறினால் சிப்பை முழுதாகக் கழற்றிப் படிப்பதுதான் நல்லது. சிலர் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும் என்பார்கள். அந்தப் பட்டன் பெரும்பாலும் வெறும் ஜிபிஐஓ (மென்பொருள் படிக்கும் சாதாரண உள்ளீடு), சிப்பை நிறுத்தாது.

பதில் 4

இதே சிக்கலோடு பின்னால் வருபவர்களுக்கு: எல்லா போர்டுக்கும் கிளிப் தேவையில்லை. ஆல்வின்னரில் எஃப்இஎல், ராக்சிப்பில் மாஸ்க்ராம் என்று யூஎஸ்பி வழி மீட்பு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்335எக்ஸ் என்றால் சீரியலில் 'சி' எழுத்து வரிசையாக வரும், எக்ஸ்மோடம் (சீரியலில் கோப்பு அனுப்பும் முறை) வழியாக அனுப்பலாம். எஸ்டிஎம்32இல் பூட்0 காலை 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தி ரீசெட் செய்தால் பெரும்பாலும் போதும். இந்த ரவுட்டர் நார் ஃப்ளாஷிலிருந்து நேரடியாக எழுகிறது, அதனால்தான் சீரியலும் ஊமையாகிவிட்டது.

இன்னொன்று: யூ-பூட் எழுதுவது தோற்றும் லினக்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து ரீபூட் செய்யாதீர்கள். அது ரேமில் ஓடுகிறது, அப்போதே சரியான கோப்பை மறுபடி எழுதலாம்.

கேள்வி கேட்டவர்

8ஆம் காலைத் தூக்கியதும் மூன்று முறை படித்தேன், மூன்றும் ஒன்று. ஃபேக்டரியில் மேக் சரியாக இருக்கிறது. 192 கேபி ஒட்டி எழுதி, வெரிஃபையும் முடிந்தது. காலைத் திரும்ப சால்டர் செய்தபின் 57600இல் யூ-பூட் பேசுகிறது! ஆனால் என்விரான்மென்டில் சிஆர்சி (பிழை கண்டறியும் எண்) தவறு என்று ஒரு எச்சரிக்கை வருகிறது.

பதில் 1

பயப்பட வேண்டாம். 30000இல் இருப்பது இந்த யூ-பூட் எதிர்பார்க்கும் வடிவத்தில் இல்லை, அதனால் தன் இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்கிறது. அந்த மதிப்புகளை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, யூ-பூட் ப்ராம்ப்டில் 'சேவ்என்வ்' கொடுத்தால் எச்சரிக்கை போய்விடும். முதலில் படித்த அந்த டம்ப்பை மட்டும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.