ஒரே லயத்தில் (தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளில்) பேச்சு நின்றுபோனால் மத்தேயு 18:15ஐ எப்படிக் கைக்கொள்வது?

கேள்வி (டிக்கோயா, இலங்கை மலையகம்):
அடுத்தடுத்த காம்பிரா (லய வீடு), இரு வீட்டாரும் ஒரே அங்கிலிக்கன் சபை. ஆடு போஞ்சிப் (பீன்ஸ்) பாத்தியை மேய்ந்ததில் தொடங்கி, பீலிக்கரையில் (எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடம்) வாய்ச்சண்டையாகி, இப்போது முகம் பார்ப்பதில்லை. தனியாகப் போய்ப் பேசு என்கிறது வசனம். லயத்தில் தும்மினாலே பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்கும். எங்கே பேசுவது? அவர்கள் இணங்காவிட்டால் திருவிருந்தில் (அப்பமும் இரசமும் பெறும் ஆராதனை) பங்கெடுக்கலாமா?

பதில் (பொகவந்தலாவை):
முதலில் ஆடு யாருடையது என்று பாருங்கள் அக்கா. உங்களுடையது என்றால் உங்களுக்கான வசனம் 18:15 அல்ல, 5:23-24. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போக வேண்டியவர் நீங்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 1000 ரூபாய் போஞ்சி போயிருந்தால் 1200. பெரும்பாலான சமாதானம் முறிவது இங்கேதான்: "மன்னிச்சிக்கோங்க" என்று சொல்லியாயிற்று, ஆனால் பாத்தி மொட்டையாகவே கிடக்கிறது, தினமும் கண்ணில் படுகிறது.

பேச ஏற்ற நேரம் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வீடு திரும்பும் வழி. பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) வேண்டாம், நாலு பேர் முன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். சம்பள நாள் மாலையும் வேண்டாம். குடித்திருக்கும்போது பேசியது மறுநாள் நிற்காது. ஆட்டை மட்டும் பேசுங்கள். பழைய கல்யாண வீட்டுக் கதை எதையாவது இழுத்தால் எல்லாம் கெட்டது.

பதில் (ஹட்டன்):
ஒரு எச்சரிக்கை. நேரில் போகும் முன்பே இதை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகச் சொல்லிவிடாதீர்கள். அது ஜெபம் என்ற பெயரில் புறங்கூறுவது. அவர்கள் காதுக்கு அன்றிரவே போய்விடும். 16ஆம் வசனத்தின்படி சாட்சிக்கு ஒருவர் அல்லது இருவர் போதும். இரு வீட்டாரும் நம்பும் ஆளாக இருக்கட்டும், உங்கள் சொந்தக்காரர் வேண்டாம். அதற்குப் பிறகுதான் சபை, அதாவது போதகர். இணங்காதவன் உனக்கு "ஆயக்காரனைப்போல" (வரி வசூலிப்பவனைப்போல) இருப்பானாக என்ற 17ஆம் வசனத்தைக் காட்டி பீலியில் தண்ணீர் மறிப்பது தவறு. இயேசு ஆயக்காரரோடு பந்தியிருந்தவர்.

திருவிருந்தைப் பற்றி அங்கிலிக்கன் ஆராதனை நூலான 1662 பொது ஜெபப் புத்தகத்திலேயே விதி இருக்கிறது. பகையாயிருக்கிறவர்கள் ஒப்புரவாகும்வரை பந்திக்கு வரக்கூடாது. ஆனால் ஒருவர் மனதார மன்னித்து, தன் குற்றத்துக்கு ஈடு செய்யவும் ஆயத்தமாயிருந்து, மற்றவர் பிடிவாதம் பிடித்தால், மனந்திரும்பியவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே போதகரிடம் சொல்லி வையுங்கள்.